தண்ணீருக்குக் காசு கேட்பதா பிரச்சினை? பொருளாதாரச் சீர்திருத்தமும் இலங்கையின் பாசன விவசாயமும்

குளக்கட்டு (கிளிநொச்சி)

பொருளாதாரச் சீர்திருத்தம் என்றாலே எங்கள் பக்கத்துக் கமக்காரருக்கு முதலில் வருகிற பயம், தண்ணீருக்குக் காசு கேட்கப் போகிறார்கள் என்பதுதான். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஒப்பந்தம் ஆன பிறகு அந்தப் பயம் கூடியிருக்கிறது. கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் பாதி நேரம் இந்தப் பேச்சிலேயே போய்விடுகிறது. எனக்கு இதில் வேறு எண்ணம் உண்டு, அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கட்டணம் ஏற்கெனவே ஒரு தடவை வந்து போன விஷயம். 1984இல் பெரிய குளங்களின் கீழுள்ள வயல்களுக்கு, பராமரிப்புச் செலவுக்கென்று ஏக்கருக்கு வருடம் 100 ரூபாய் வைத்தார்கள். படிப்படியாக 200 ரூபாய்க்குக் கொண்டுபோவது திட்டம். அன்றைய உத்தரவாத விலையில் 100 ரூபாய் என்பது இரண்டு புசல் (நெல் அளக்கும் அளவு) நெல்லின் பெறுமதிகூட இல்லை. ஏக்கருக்கு அறுபது புசல் அளவில் விளைந்த காலம் அது. தாங்க முடியாத தொகை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் தொடக்கத்திலேயே பெரும்பாலானோர் கட்டவில்லை. வசூல் வருடா வருடம் சரிந்து, 1980களின் கடைசியில் நாடு கொந்தளித்தபோது அடியோடு நின்றுபோனது. கட்டிய காசு தன் வாய்க்காலுக்குத் திரும்பி வரும் என்று கமக்காரன் நம்பவில்லை. கட்டினவன் வயலுக்கும் கட்டாதவன் வயலுக்கும் ஒரே மாதிரித்தான் தண்ணீர் போனது.

இறக்குமதிச் சந்தையைத் திறந்துவிட்ட 1977இலிருந்து இன்றுவரை எங்களை உலுக்கியவை வேறு. விளைபொருளின் விலையை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது மாறியது. எண்ணெய்க்கும் உரத்துக்கும் என்ன கொடுக்கிறோம் என்பது மாறியது. இந்த முடிவுகள் எதையும் நீர்ப்பாசனத் திணைக்களம் எடுக்கவில்லை. நிதி அமைச்சும் வர்த்தக அமைச்சும் எடுத்தன. நாங்களோ ஏக்கருக்கு எத்தனை ரூபாய் தண்ணீர் வரி என்பதையே பேசிக்கொண்டிருக்கிறோம். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செம்மண் (உரும்பிராய்)

அண்ணா, நீங்கள் குளத்தை வைத்துச் சொன்னீர்கள், நான் கிணற்றை வைத்துச் சொல்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நம்பி இருக்கக்கூடிய ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்குகிற மழைத்தண்ணீரை இறைத்துத்தான் வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாம். அப்பப்பா காலத்தில் துலா, அப்புறம் மண்ணெண்ணெய் மெசின். கிணறு வெட்டினதும் மெசின் வாங்கினதும் எங்கள் காசு. தண்ணீர்க் கட்டணம் என்று யாரும் எங்கள் படலைக்கு வர வழியே இல்லை. அப்படியிருந்தும் 1977 மாற்றத்தின் அடி எங்களுக்குத்தான் சீக்கிரம் விழுந்தது.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. செத்தல் மிளகாயும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் வெளியிலிருந்து வருவது கிட்டத்தட்ட நின்றது. கொழும்புச் சந்தை எங்கள் தோட்டத்தைப் பார்த்து நின்ற வருடங்கள் அவை. அந்த நேரம் எழும்பின கல்வீடுகளைக் காட்டி "இது மிளகாய்க் காசு" என்று பெரியவர்கள் இப்போதும் சொல்வார்கள். விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர்களுக்குக் காணி கொடுத்து ஏற்று நீர்ப்பாசனத்தில் மிளகாய் போடவைத்த திட்டங்களும் அந்த விலையை நம்பித்தான் உயிர் பிடித்தன.

1977 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது, டொலருக்கு 16 ரூபாய் என்று நாணயமும் மாறியது. அதற்குப் பிறகு எங்கள் விலை எங்கள் கையில் இல்லை. கொஞ்ச வருடத்தில் போர் வந்ததால், எது சந்தையால் போனது எது போரால் போனது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஆனால் போருக்கு முன்பே மிளகாய்த் தோட்டங்கள் சுருங்கத் தொடங்கிவிட்டதாக எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

பேராதனைக்காரன் (கண்டி)

இருவரும் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். விவசாயப் பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சேர்க்க வேண்டும்.

முதலாவது, 1977இல் எல்லாக் கதவுகளையும் ஒரே நாளில் திறந்துவிடவில்லை. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்குக்கு அனுமதிப்பத்திர முறை பல வருடம் இருந்தது. ஒரு வருடம் இறக்கவிட்டார்கள், அடுத்த வருடம் நிறுத்தினார்கள். 1996இல் அந்த அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துவிட்டு வரியை மட்டும் வைத்தார்கள். தோட்டக்காரனைத் திணறவைத்ததில் பாதி, இந்த முன்னறிவிப்பில்லாத திறப்பும் அடைப்பும்தான்.

இரண்டாவது, நெல்லின் கதை வேறு. அரிசிப் பங்கீட்டை முதலில் வருமானம் குறைந்த பாதிப்பேருக்குச் சுருக்கி, 1979இல் உணவு முத்திரையாக மாற்றினார்கள். நகரத்து ஏழைக்கு அது பெரிய அடி. நெல் விதைத்தவனுக்கோ சந்தை விரிந்தது. அரிசி இறக்குமதியை மட்டும் அரசாங்கம் தன் கையில் வைத்துக்கொண்டது. அதோடு மகாவலி ஆற்றுப் பாசனத் திட்டம் வந்தது. 30 வருடத்தில் செய்வதாக இருந்த திட்டத்தை 6 வருடத்தில் முடிப்போம் என்றார்கள். விக்டோரியா அணைக்குப் பிரித்தானியா, கொத்மலைக்கு சுவீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜெர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா என்று உதவி வந்தது. குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயல், அரை ஏக்கர் மேட்டுக்காணி. சந்தையைத் திறந்துவிட்டோம் என்று சொன்ன அதே அரசாங்கம்தான் நாட்டின் வரலாற்றிலேயே பெரிய அரச முதலீட்டை நீர்ப்பாசனத்தில் செய்தது. புது அணைகளுக்குப் பணம் அப்படிப் போனபோது பழைய குளங்களின் பராமரிப்பு பட்டினி கிடந்தது. குளக்கட்டு அண்ணன் சொல்லும் 1984 கட்டணம் வந்தது அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான்.

மூன்றாவது, செம்மண் தம்பிக்கு: 1970–77 உங்கள் தோட்டத்துக்குப் பொற்காலம் என்பது உண்மைதான். அதே வருடங்களில் பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. மலையகத்தில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியில் செத்த வருடங்களும் அவைதான். அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

செம்மண் (உரும்பிராய்)

மலையகத்தைச் சொன்னது சரி ஐயா. அந்தப் பட்டினிக்குப் பயந்து வன்னிக்கு வந்து குடியேறின குடும்பங்கள் பல. அவர்களின் உழைப்பில்தான் வன்னித் தோட்டங்கள் பல பச்சையாகின என்பதும் மறக்கக் கூடாத விஷயம்.

வாய்க்கால்வழி (அம்பாறை)

நீர்ப்பாசனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கட்டணம் தோற்ற பிறகு என்ன செய்தார்கள் என்பதை யாரும் எழுதவில்லை.

1988இல் அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. கிளை வாய்க்கால்களின் பராமரிப்பையும் நீர்ப் பங்கீட்டையும் கமக்காரர் அமைப்பு எடுத்துக்கொண்டால், கட்டணம் கேட்க மாட்டோம். அணையும் பிரதான வாய்க்காலும் திணைக்களத்திடம் இருக்கும். காசுக்குப் பதில் உழைப்பு. 1991இல் கமநல சேவைச் சட்டத்தைத் திருத்தி இந்த அமைப்புகளுக்குச் சட்ட அந்தஸ்தும் கொடுத்தார்கள்.

இதற்கு முன்னோடி எங்கள் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரை. 1981இல் அங்கே இளைஞர்களை அமைப்பாளர்களாக இறக்கினார்கள். அவர்கள் வாய்க்கால் வாய்க்காலாகப் போய்க் கமக்காரரைப் பேசவைத்தார்கள். தண்ணீர் மிகக் குறைந்த சிறுபோகம் (வறண்ட பருவச் செய்கை) அது. தலைமடைக்காரர் முறை வைத்து அடைத்துக் கடைமடைக்கு விட்டார்கள். தலைமடையில் சிங்களவர், கீழே தமிழர் இருந்த வாய்க்கால்களிலும் இது நடந்தது. நாட்டின் மிக மோசமான நீர்ப்பாசனத் திட்டம் என்று பேர் வாங்கியிருந்த இடம். அதனால்தான் உலகம் முழுக்க இதைப் பற்றி எழுதினார்கள்.

ஆனால் கல்லோயாவில் முதலில் ஆட்களைச் சேர்த்தார்கள், வாய்க்கால் புனரமைப்புக்கும் பணம் வந்தது, கமக்காரரைக் கேட்டுத் திட்டத்தை மாற்றினார்கள். 1988க்குப் பிறகு நாடு முழுக்க இதைப் பரப்பியபோது பல இடங்களில் கடதாசியை மட்டும் கையில் கொடுத்தார்கள். உடைந்த மதகும் தூர்ந்த வாய்க்காலும் அப்படியே கைமாறின. புல் வெட்டவும் சேறு அள்ளவும் சிரமதானம் போதும். கொங்கிரீட் கட்டுமானம் சரிந்தால் சிரமதானத்தால் நிமிர்த்த முடியுமா? அரசாங்கத்தின் செலவு குறைந்தது உண்மை. குறைந்த செலவில் ஒரு பங்கு கமக்காரனின் முதுகுக்கு மாறியது என்பதும் உண்மை.

1990இல் உர மானியத்தையும் எடுத்தார்கள் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1994இல் திரும்ப வந்தது, 2005இல் மூட்டை 350 ரூபாய் ஆனது. வாய்க்கால் பொறுப்பு கைமாறிய அதே வருடங்களில்தான் உரத்தின் விலை ஏறியது, அரசாங்கத்துக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபையும் தேயத் தொடங்கியது. ஒரே கமக்காரன் மேல் மூன்றும் சேர்ந்து விழுந்தன.

கடைமடை (திருவாரூர்)

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன், ஒரு எதிர்க்கேள்வி இருக்கிறது. இங்கே 1970களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் பெரிய போராட்டங்கள் நடந்தன, உயிர்கள் போயின. அந்த வழியில்தான் விவசாய பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. அது இல்லாமல் சிறு விவசாயி தாக்குப்பிடித்திருக்க மாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மேற்கு மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டிப் போய்விட்டது. தண்ணீருக்கும் கரண்டுக்கும் விலையே இல்லாவிட்டால் நிலத்தடி நீர் என்ன ஆகும்? சீர்திருத்தக்காரர்கள் சொல்வதில் இந்த ஒரு இடத்தில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்துக்கும் இது பொருந்தும் இல்லையா?

செம்மண் (உரும்பிராய்)

பொருந்தும் அண்ணா. எங்கள் தண்ணீர் மெல்லிய சுண்ணாம்புக் கல் படுகைக்குள், கடல் நீருக்கு மேலே மிதக்கிற நன்னீர். கூட இறைத்தால் உவராகும். போடுகிற யூரியாவும் நேரே கிணற்றுக்கு இறங்கும். நைத்திரேற்று கூடின கிணறுகள் தோட்டப் பகுதிகளில் நிறைய. விலை ஏறினால் சிக்கனம் வரும் என்ற வாதத்தை எனக்கும் பிடிக்கும்.

ஆனால் விலை ஏறினதை நாங்கள் பார்த்துவிட்டோம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் போனது. ஒரு இறைப்புக்கு நாலு லீட்டர் குடிக்கிற தோட்டத்தில் 348 ரூபாய்ச் செலவு 1,360 ரூபாய் ஆனது. அதே மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். சிக்கனம் வந்ததா? சொட்டுநீர்க் குழாய் போட முதல் (கைக்காசு) வேண்டும். முதல் இருந்தவர் போட்டார், சூரிய சக்திப் பம்பும் வைத்தார். இல்லாதவர் பத்துப் பரப்பு (எங்கள் நில அளவு) செய்த இடத்தில் நாலு பரப்போடு நின்றார். குத்தகைக் காணியில் செய்தவர்கள் விட்டுவிட்டே போனார்கள். தண்ணீர் மிஞ்சினது உண்மை, தோட்டக்காரர் குறைந்ததால் மிஞ்சினது.

நைஜர்க்கரை (மதுரை)

கட்டணம் வேலை செய்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் நீர்வளப் பொறியாளராகச் சில காலம் இருந்தேன். மாலி நாட்டில் செகூவுக்கு அருகே மார்க்கலா அணையிலிருந்து பாசனம் பெறும் 'ஆஃபிஸ் து நிஜேர்' என்ற பெரிய திட்டம். பிரெஞ்சுக்காரர்கள் 1932இல் தொடங்கினார்கள், பருத்திக்காக. சுதந்திரத்துக்குப் பிறகு நெல்லுக்கு மாறியது.

1980களின் தொடக்கத்தில் அது நொண்டிக்கொண்டிருந்தது. விளைந்த நெல்லை நிறுவனத்துக்கே, நிறுவனம் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். மூட்டை வெளியே போகாமல் தடுக்கத் தனிப் போலீசே இருந்தது. எக்டருக்கு 2 டன்கூடத் தேறாது. 1984இல் அந்தப் போலீசைக் கலைத்தார்கள், அப்புறம் நெல் வியாபாரத்தைத் திறந்துவிட்டார்கள். டச்சு, பிரெஞ்சு உதவியில் வாய்க்கால்களைப் பழுதுபார்த்து நிலத்தைச் சமன் செய்தார்கள். விவசாயிகள் நாற்று நடவுக்கு மாறினார்கள். ஊருக்கு ஊர் சின்ன அரவை மெஷின்கள் வந்தன. 1994 ஜனவரியில் பிராங்க் நாணயத்தின் மதிப்பைப் பாதியாக்கியதும் இறக்குமதி அரிசியின் விலை ஏறி, உள்ளூர் நெல்லுக்கு மரியாதை கிடைத்தது. அதே வருடம் நிறுவனத்தைச் சுருக்கி, தண்ணீரும் பராமரிப்பும் மட்டுமே அதன் வேலை என்றார்கள். 1990களின் கடைசியில் விளைச்சல் 5 டன்னைத் தாண்டியது. தண்ணீர்க் கட்டணம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வசூலானது. அந்தப் பணத்தை எந்த வாய்க்காலுக்குச் செலவழிப்பது என்ற முடிவில் விவசாயப் பிரதிநிதிகளுக்கும் இடம் இருந்தது.

நாணய மதிப்புக் குறைப்பு, சந்தைத் திறப்பு, அரசு நிறுவனச் சுருக்கம், கட்டண வசூல் என எல்லாமே நாணய நிதியமும் உலக வங்கியும் எழுதித் தரும் அதே மருந்துச்சீட்டுதான். ஆனால் வரிசையைப் பாருங்கள். வாய்க்கால் முதலில் சீரானது. விலை விவசாயி பக்கம் சாய்ந்தது. அப்புறம்தான் கட்டணத்தில் கண்டிப்பு.

இருட்டான பக்கமும் உண்டு. அங்கே நிலம் அரசுடையது. கட்டணம் கட்டத் தவறியவரின் நிலத்தை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பூச்சி விழுந்து ஒரு போகம் போனால் அந்தக் குடும்பத்துக்கு நிலமே போகும். வெளியேற்றப்பட்டவர்களின் எண்ணிக்கை வசூல் விகிதத்தில் தெரியாது.

குளக்கட்டு (கிளிநொச்சி)

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன் ஐயா, நன்றி. எங்கள் 1984 அனுபவத்தில் வரிசை தலைகீழ். கட்டணம் முதலில், வாய்க்கால் பிறகு, விலையைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பேராதனைக்காரன் (கண்டி)

மாலிக்கு நேர் எதிராகப் பிலிப்பைன்ஸை வைத்துப் பாருங்கள். அங்கே பாசனத்தை நடத்தும் தேசிய நிர்வாகம் 1974இலிருந்து தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்ற நிலையில் இருந்தது. பல பத்தாண்டுகள் விவசாயியிடம் கட்டணம் வாங்கினார்கள். 2018இல் சட்டம் போட்டு, 8 எக்டர் வரை வைத்திருப்பவர்களுக்குப் பாசனத்தை இலவசமாக்கினார்கள். விவசாய அமைப்புகளின் நீண்டநாள் கோரிக்கை நிறைவேறியது.

ஒரே வருடத்தில், 2019 பெப்ரவரியில், அரிசி இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாட்டை நீக்கிச் சுங்க வரியாக மாற்றினார்கள். வியட்நாம் அரிசி குவிந்தது. முந்தைய வருடம் கிலோ 20 பெசோவைத் தாண்டி விற்ற நெல், 2019 அறுவடையில் 16 பெசோவுக்கும் கீழே போனது. வரி வருமானத்திலிருந்து வருடம் 1,000 கோடி பெசோ விதைக்கும் இயந்திரத்துக்கும் என்று ஒதுக்கினார்கள், ஆனால் விலை விழுந்த போகத்தில் அது யார் கைக்கும் எட்டவில்லை. தண்ணீருக்கு மிச்சமான காசைவிட நெல்லில் போன காசு பல மடங்கு. குளக்கட்டு அண்ணன் சொல்லும் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

அதே நேரம், மணிலாவில் அரிசி வாங்கித் தின்பவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். 2018இல் அரிசி விலை ஏறி அவர்கள் தவித்ததால்தான் அந்த இறக்குமதிச் சட்டமே வந்தது.

வன்னியாள் (வவுனியா)

ஆண்கள் எல்லாரும் கொள்கை பேசுகிறீர்கள். காணி யார் பேரில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

குடியேற்றத் திட்டக் காணிகள் எல்லாம் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பத்திரம் கொடுத்தவை. பின்னுரித்தாளர் (அடுத்த உரிமையாளர்) பேர் எழுதாமல் காணிக்காரர் இறந்தால், பிள்ளைகளில் ஆணுக்குத்தான் முதலிடம் என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. அதைத் திருத்த 2022 வரை எடுத்தது. இடையில் வந்த மகாவலியும் குடும்பத்துக்கு ஒரு பத்திரம், ஒரு பேர் என்றுதான் போனது. வாய்க்கால்வழி ஐயா சொன்ன கமக்காரர் அமைப்பில் அங்கத்துவம் பெரும்பாலும் காணி உள்ளவருக்குத்தான். வயலில் நாற்று நட்டு, களை பிடுங்கி, இரவில் தண்ணீர் கட்டப் போன பெண்ணுக்குத் தண்ணீர் முறையைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் கதிரை இல்லை. போருக்குப் பிறகு வன்னியில் எத்தனை வீடுகளைப் பெண்கள் நடத்துகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

விலையைப் பற்றியும் ஒன்று. நெல் சந்தைப்படுத்தும் சபை 1971இல் வந்தது, 1990களில் தேய்ந்து மூடப்பட்டது, பிறகு திரும்பத் திறந்தார்கள். சபை அறிவிக்கிற விலை எனக்குக் கிடைத்ததே இல்லை. அவர்கள் காய்ந்த நெல் கேட்பார்கள். அறுவடை மெசின் ஈர நெல்லை ரோட்டில் கொட்டிவிட்டுப் போகிறது. காயவைக்கத் தளம் இல்லை, நகை அடைவில் இருக்கிறது, உழவு மெசின்காரருக்குக் காசு கொடுக்க வேண்டும். அன்றைக்கே வருகிற லொறிக்குத்தான் நெல் போகும்.

2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த போகத்தில் எங்கள் வயலில் கதிர் முற்றாமல் நின்றது. நாட்டின் காலபோக (மழைப் பருவ) நெல்லே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அடுத்த சிறுபோகத்தில் அரசாங்கமே யூரியா மூட்டையை 10,000 ரூபாய்க்குக் கொடுத்தது, வெளியில் அதற்கும் பல மடங்கு. 350 ரூபாய்க்கு வாங்கின கைகள் எங்களுடையவை. நாணய நிதியம் வருவதற்கு முன்பே நாங்கள் விழுந்துவிட்டோம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாய்க்கால்வழி (அம்பாறை)

தங்கச்சி சொன்ன ஒவ்வொரு வரியும் உண்மை. காயவைக்கும் தளமும் களஞ்சியமும் கமக்காரர் அமைப்பின் கையில் இருந்த இடங்களில் பேரம் பேசும் பலம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். அணைக்குக் கோடிக்கணக்கில் போட்டவர்கள் தளத்துக்குச் சீமெந்து கொடுக்கத் தயங்கினார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். 2000இல் அமைச்சரவை ஏற்ற நீர்க் கொள்கையில், தண்ணீர் உரிமையைக் கைமாற்றலாம் என்ற எண்ணம் இருந்தது. ஊரெல்லாம் எதிர்ப்பு எழுந்ததால் கிடப்பில் போனது. விற்கத் தெரிந்தவனிடம் தண்ணீர் போய்ச்சேரும் என்ற பயம் நியாயமானதுதான். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தில் எழுந்த சச்சரவிலும் அடியில் இருந்தது அதே பயம்.

குளக்கட்டு (கிளிநொச்சி)

இரணைமடுவில் நாங்கள் தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லவில்லை ஐயா. சிறுபோகத்தில் குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, காணியைப் பங்கு பிரித்து, கால்வாசி மூன்றிலொரு பங்கு என்று விதைக்கிறவர்கள் நாங்கள். அந்தப் பங்கிலிருந்து போகுமா என்று மட்டும்தான் கேட்டோம்.

அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நான் வைக்கப்போவது இது. கட்டணம் வந்தால் அது அந்தக் குளத்தின் கணக்கிலேயே இருக்க வேண்டும், கூட்டத்தில் வாசிக்க வேண்டும். பழுதான மதகுகளைத் திருத்தித் தந்த வாய்க்காலில் மட்டுமே வாங்க வேண்டும். விளைச்சல் கெட்ட போகத்தில் கேட்கக் கூடாது, காணியைப் பறிக்கும் பேச்சே வரக் கூடாது. வயல் செய்கிற பெண்ணுக்குக் காணிப் பத்திரம் இல்லாவிட்டாலும் வாக்கு உண்டு. நெல்லுக்கு ஒரு தரை விலையும் (அதற்குக் கீழே போகாத விலை) வேண்டும், ஈர நெல்லுக்கும் சேர்த்து.

பேராதனைக்காரன் (கண்டி)

முதல் நான்கையும் இந்த நாட்டில் நாளைக்கே செய்யலாம். தரை விலையில்தான் எனக்குச் சிக்கல். கடன் கட்ட முடியாமல் போன திறைசேரி அந்த நெல்லை வாங்கி எங்கே வைக்கும்? இறக்குமதி வரியால் விலையைத் தூக்கினால், கொழும்பில் தோட்டம் என்று சொல்கிற சேரியில் குடியிருக்கும் குடும்பமும் மலையகத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கும் குடும்பமும் அதைக் கொடுக்கும். அவர்களுக்கு என்ன பதில் என்பதையும் உங்கள் கூட்டத்தில் வையுங்கள்.

செம்மண் (உரும்பிராய்)

ஐயா, தரை விலை முடியாவிட்டால் இன்னொன்று கேட்கிறேன், அதற்குக் காசே தேவையில்லை. 2007 விசேட பண்ட வரிச் சட்டத்தில் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் வரியை ஒரு வர்த்தமானியில் ஒரே இரவில் ஏற்றலாம், இறக்கலாம். நாங்கள் விதை வெங்காயம் வாங்கி, நட்டு, இறைத்து, கிண்டுகிற கிழமையில் வரி இறங்கும். அந்த வரி எவ்வளவாகவும் இருக்கட்டும். நடுவதற்கு முன் அறிவித்து, கிண்டி முடியும்வரை மாற்றாமல் வைத்திருக்கட்டும். குறைவான வரி என்று தெரிந்தால் ஆறு பரப்புக்குப் பதில் இரண்டு பரப்பு நடுவோம், மிச்சத்துக்கு வேறு ஏதாவது போடுவோம். அந்த அளவு தண்ணீரும் மண்ணெண்ணெயும் மிஞ்சும்.